மாணவர் இதயப் பரிசோதனை: முகாமுக்கு முன் முடிவு செய்ய வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த மாணவர் சுருண்டு விழுந்து இறந்தார் என்று செய்தி வந்தால், அடுத்த சில நாட்களில் எங்காவது ஒரு பள்ளி வாசலில் ‘இலவச இசிஜி முகாம்’ பேனர் கட்டப்படுகிறது. நோக்கத்தில் குறையில்லை. ஆனால் எடுத்த தாள்களை யார் படித்தார், சந்தேகம் வந்த பிள்ளையை எங்கே அனுப்பினார்கள், அவனுக்கு எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் படம்) எடுத்தார்களா என்று ஒரு மாதம் கழித்துக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் இருக்காது. பள்ளி மாணவர்களுக்கும் இளம் வீரர், வீராங்கனைகளுக்கும் இதயப் பரிசோதனை கட்டாயம் வேண்டும் என்பதே எங்கள் கருத்தும். ஆனால் யாருக்கு, எந்த வரிசையில், யார் பொறுப்பில் என்று தீர்மானிக்காமல் எடுக்கும் இசிஜி, நோயுள்ள பிள்ளையைத் தவறவிட்டு நோயில்லாத பிள்ளையைப் பயமுறுத்தும்.

இப்போதுள்ள ஏற்பாடு என்ன? போட்டிக்குக் கேட்கப்படும் உடல்தகுதிச் சான்று பல இடங்களில் ஒரு பக்கத் தாள்தான். உயரம், எடை, கண் பார்வை, கீழே ஒரு கையெழுத்து. சட்டையைக் கழற்றச் சொல்லி நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்காமலேயே அந்தக் கையெழுத்து விழுந்துவிடுகிறது. இன்னொரு பக்கம், 2013-இல் நாடு முழுவதும் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கு வருகிறது. பிறப்பு முதல் 18 வயது வரை பார்க்கும் அந்தத் திட்டத்தில் பிறவி இதயக் குறைபாடும் ருமாட்டிக் இதய நோயும் உண்டு. நல்ல திட்டம். ஆனால் ஓடும்போது விழுந்து சாகும் பிள்ளைகளிடம் இருக்கும் நோய்களில் பலவற்றுக்கு ஸ்டெதாஸ்கோப்பில் சத்தமே கேட்காது.

அந்த நோய்கள் இரண்டு வகை. ஒன்று, இதயத்தின் அமைப்பில் உள்ள கோளாறு: தசை தடித்துப்போகும் ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி, வலப்பக்கத் தசை கொழுப்பாகவும் நாராகவும் மாறும் நோய், கொரோனரி ரத்தக்குழாய் தவறான இடத்திலிருந்து கிளம்புவது. மற்றது மின்னோட்டக் கோளாறு: ஒவ்வொரு துடிப்புக்கும் பின் இதயம் மின்னளவில் மீள அதிக நேரம் எடுக்கும் லாங் க்யூடி, பரம்பரையாக வரும் புருகாடா, கூடுதல் மின்பாதை உள்ள டபிள்யூ.பி.டபிள்யூ., உணர்ச்சிவசப்பட்டாலோ ஓடினாலோ மட்டும் துடிப்பு தாறுமாறாகும் சிபிவிடி. இந்த இரண்டாம் வகையில் பிரேதப் பரிசோதனையில்கூட இதயம் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அதனால்தான் ‘காரணம் தெரியவில்லை’ என்ற அறிக்கைகள்.

தசை தடிக்கும் நோய் ஐநூறு பேரில் ஒருவருக்கு இருக்கிறது என்பது பொதுவான மதிப்பீடு. இதில் நம் பக்கத்துக்கென ஒரு செய்தியும் உண்டு. இதயத் தசைப் புரதம் ஒன்றைத் தீர்மானிக்கும் எம்ஒய்பிபிசி3 என்ற மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு மாற்றம், தெற்காசியரில் நூற்றுக்குச் சுமார் நான்கு பேரிடம் இருப்பதாக 2009-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதில் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. இதைப் படித்துவிட்டு நாளையே மரபணுச் சோதனைக்கு ஓட வேண்டாம். இந்த மாற்றம் மட்டும் உள்ள பலருக்கு இளம் வயதில் ஒன்றும் தெரிவதில்லை. தொல்லை பெரும்பாலும் நடுவயதுக்குப் பிறகே. ஆனால் ‘இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் நோய்’ என்று தள்ளிவிடவும் முடியாது.

பரிசோதனையின் முதல் படி இயந்திரம் கிடையாது, கேள்வி. அமெரிக்க இதயச் சங்கம் 14 அம்சங்கள் கொண்ட பட்டியல் ஒன்று வைத்திருக்கிறது: மாணவரின் கடந்தகாலத் தொல்லைகள், குடும்ப வரலாறு, கையால் செய்யும் பரிசோதனை. அதை அப்படியே தமிழாக்கி அச்சடித்தால் நம் வீடுகளில் சரியான பதில் வராது. ‘உங்கள் குடும்பத்தில் 50 வயதுக்குள் இதய நோயால் யாரேனும் இறந்ததுண்டா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் எழுதித் தருவார்கள். அந்தச் சாவுகள் வீட்டு நினைவில் இதய நோயாகப் பதிந்திருப்பதில்லை. நன்றாக நீந்தத் தெரிந்த மாமா கிணற்றில் மூழ்கினாரா? சித்தப்பா யாராவது இரவு படுத்து காலையில் எழாமல் போனாரா? பெரியம்மா மகன் வண்டி ஓட்டிப் போகையில் எதிலும் மோதாமல் சாய்ந்தாரா? ‘காத்து கருப்பு அடித்துவிட்டது’ என்று ஊர் சொன்ன இளவயதுச் சாவு ஏதும் உண்டா? இப்படிக் கேட்டால்தான் பதில் வரும். நீச்சல் சும்மா சேர்த்த விஷயம் இல்லை. லாங் க்யூடியின் முதல் வகையில் நீந்தும்போதுதான் துடிப்பு கெடுவது அதிகம். இரண்டாம் வகையில் திடீர்ச் சத்தம், அதிகாலை அலாரம், பட்டாசு. மூன்றாம் வகையில் தூக்கம்.

‘வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறாயா?’ என்ற கேள்வியைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். இதயம் சில விநாடிகள் நின்றாலே மூளைக்கு ரத்தம் போகாமல் கை கால் வெட்டி இழுக்கும்; பார்ப்பவர்களுக்கு அது வலிப்புதான். லாங் க்யூடி உள்ள பிள்ளைகள் சிலர் வருடக்கணக்கில் வலிப்பு மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பது உலகெங்கும் பதிவாகியிருக்கிறது. மூளைக்கு ஸ்கேனும் இஇஜியும் எடுத்திருப்பார்கள், ஓர் இசிஜி எடுத்திருக்க மாட்டார்கள்.

மயக்கம் பற்றிய கேள்விக்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வெயிலில் நின்று கண் இருட்டி, வியர்த்து, மெதுவாகச் சரிகிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இதயத்தில் ஒன்றும் இராது. சாப்பிடாமல் வந்திருக்கும், தண்ணீர் குடித்திருக்காது. ஓட்டத்தை முடித்து நின்ற பிறகு வரும் மயக்கமும் பெரும்பாலும் ரத்தம் காலில் தேங்குவதால்தான். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், கையை ஊன்றக்கூட நேரமின்றி முகம் தரையில் அடிபட விழுந்த மாணவர், ஒரு தடவை விழுந்திருந்தாலும், இதய மருத்துவர் பார்க்கும்வரை மைதானத்தில் இறங்கக் கூடாது. படிவத்தில் ‘மயக்கம் வந்ததுண்டா’ என்று ஒற்றை வரியில் கேட்டு இந்த மூன்றையும் ஒன்றாகக் கலக்கிவிடுகிறார்கள்.

யார் கேட்பது என்பதும் முக்கியம். அணியைத் தேர்வு செய்யும் பயிற்சியாளர் கேட்டால் மாணவர் மறைப்பார். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம், பிறகு ஒரு வேலை என்று வீடே அவர் காலை நம்பியிருக்கும்போது ‘ஓடினால் நெஞ்சு அடைக்கிறது’ என்று யார் சொல்வார்? வகுப்பாசிரியரோ சுகாதாரச் செவிலியரோ தனியாக உட்காரவைத்துக் கேட்கட்டும். குடும்ப வரலாற்றுப் பக்கம் வீட்டுக்குப் போய், அம்மாவோ பாட்டியோ சொல்ல நிரப்பப்பட்டு வரட்டும். விடுதி மாணவர் என்றால் ஒரு போன் போதும்.

அடுத்து, கையால் பார்ப்பது. அமைதியான அறை வேண்டும். கலையரங்கத்தில் மைக் அலறிக்கொண்டிருக்கும்போது இதயச் சத்தம் கேட்காது. படுக்கவைத்தும் நிற்கவைத்தும் இருமுறை கேட்க வேண்டும். சாதாரண முணுமுணுப்புச் சத்தம் நின்றால் குறையும். தசை தடித்து வழியை அடைக்கும் நோயில் நின்றால் கூடும், குத்துக்கால் வைத்து உட்கார்ந்தால் குறையும். தொடை இடுக்கில் நாடி தொட்டுப் பார்க்க வேண்டும். அது மெலிந்தும், வலது கையில் ரத்த அழுத்தம் கூடியும் இருந்தால் பெருந்தமனி குறுகியிருக்கலாம். ரத்த அழுத்தம் உட்கார்ந்து ஐந்து நிமிடம் கழித்து. பெரிய உடம்புக்காரப் பையன்களுக்குச் சின்னக் கைப்பட்டை சுற்றினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். குண்டு எறியும் மாணவர்கள் பலர் ‘பிபி கேஸ்’ ஆவது இப்படித்தான்.

வாலிபால், கூடைப்பந்து அணிகளுக்கு ஒரு தனிக் கவனம். உயரத்தைப் பார்த்தே பிள்ளைகளை எடுக்கிறோம். அந்த உயரத்துக்குச் சில சமயம் மார்ஃபான் என்ற நோய் காரணமாக இருக்கும். பெருந்தமனியின் சுவர் பலவீனமாகி ஒருநாள் கிழியும். 1984 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அமெரிக்க வாலிபால் வீராங்கனை ஃப்ளோ ஹைமன், 1986 ஜனவரியில் ஜப்பானில் ஒரு ஆட்டத்தின் நடுவே இறந்தது இதனால்தான். மார்ஃபான் இருந்தது இறந்த பிறகே தெரிந்தது. கண்டுபிடிக்கத் தேவையானது ஓர் அளவு நாடா. இரு கைகளையும் விரித்து விரல் நுனிக்கு விரல் நுனி அளந்து, உயரத்தால் வகுங்கள். 1.05-க்கு மேல் போனால் அடுத்ததைப் பாருங்கள்: கட்டைவிரலை உள்ளே மடக்கி மூடிய முஷ்டியின் மறுபக்கம் கட்டைவிரலின் நுனிக்கணு முழுதும் வெளியே நீட்டுகிறதா, ஒரு கையின் மணிக்கட்டை மறுகையால் சுற்றிப் பிடித்தால் கட்டைவிரல், சுண்டுவிரல் நகத்தைத் தாண்டி ஏறுகிறதா, கண்ணாடியின் பவர் மிக அதிகமா. இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் எக்கோ அவசியம். இந்த நோயை இசிஜி காட்டாது.

இனி இசிஜி. எல்லா மாணவருக்கும் எடுக்க இப்போது நம்மிடம் வாய்ப்பில்லை என்பதால் மாவட்ட அளவில் போட்டியிடும் மாணவர்கள், விளையாட்டு விடுதி மாணவர்கள், கேள்வித் தாளிலோ கைப்பரிசோதனையிலோ சந்தேகம் வந்த எவரும் என்று தொடங்கலாம். ஒன்பதாம் வகுப்பில் ஒரு முறை, பதினொன்றாம் வகுப்பில் ஒரு முறை. ஒரு முறை மட்டும் போதாது. தசை தடிப்பு பெரும்பாலும் பருவ வயதில்தான் தலைகாட்டும், பத்து வயதில் எடுத்த நல்ல இசிஜி பதினேழு வயதுக்கு உறுதி தராது.

எடுக்கும் விதத்தில்தான் பாதிப் பிழைகள். ஓடிவிட்டு வந்த பையனை அப்படியே படுக்கவைத்து எடுக்கக் கூடாது. ஐந்து நிமிடமாவது படுத்திருக்கட்டும். காரணம் கணக்கில் இருக்கிறது. க்யூடி இடைவெளியை, அதாவது ஒரு துடிப்பில் இதயக் கீழறையின் மின்வேலை தொடங்கி முடியும் நேரத்தை, துடிப்பின் வேகத்துக்கேற்பத் திருத்தும் வழக்கமான சூத்திரம், வேகமான துடிப்பில் மிகைப்படுத்திவிடும். நிமிடத்துக்கு 100 துடிப்பில் க்யூடி 360 மில்லிவிநாடி என்றால் திருத்திய அளவு 465 என்று வரும். கொஞ்சம் பதற்றம் கூடினால் எல்லையைத் தாண்டும். அதே பையன் அமைதியாகி 70 துடிப்புக்கு வந்தபின் க்யூடி 385 என்றால் திருத்திய அளவு 416 மட்டுமே.

நெஞ்சில் ஆறு மின்முனைகளை (வி1 முதல் வி6 வரை) வைக்கும் இடம் அடுத்தது. நெஞ்செலும்பின் மேல்பகுதியில் விரலால் தடவி இறங்கினால் ஒரு மேடு தட்டும். அதன் பக்கத்தில் சேர்வது இரண்டாம் விலா. அதற்குக் கீழுள்ளது இரண்டாம் இடைவெளி. அங்கிருந்து எண்ணி நான்காம் இடைவெளியில், எலும்பின் வலப்பக்கம் வி1, இடப்பக்கம் வி2. ஐந்தாம் இடைவெளியில், காறை எலும்பின் நடுவிலிருந்து நேர்க்கீழே வி4. வி2-க்கும் வி4-க்கும் நடுவே வி3. வி4-இன் மட்டத்திலேயே கிடையாகப் போய் அக்குளின் முன்விளிம்புக்கு நேராக வி5, நடுவுக்கு நேராக வி6. அவசரத்தில் எண்ணாமல் வி1, வி2-ஐ ஒரு விலா மேலே ஒட்டிவிட்டால் நல்ல இதயத்திலும் புருகாடா போன்ற சாயலோ, வலப்பக்கக் கடத்தல் தடை போன்ற தோற்றமோ வரும். ரப்பர் பல்பு மின்முனை வைக்கும் இடங்களில் இன்னொரு தொல்லை: ஜெல்லை நெஞ்சு முழுக்கப் பூசிவிடுவார்கள், பக்கத்துப் பக்கத்துப் பல்புகள் ஜெல்லால் இணைந்து வி1 முதல் வி6 வரை ஒரே மாதிரி வரைந்துவிடும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு பொட்டளவு ஜெல் போதும். வலது, இடது கை வயர் மாறினால் முதல் லீடு (இசிஜி தாளில் உள்ள ஒவ்வொரு வரைகோடும் ஒரு லீடு) தலைகீழாகும், ஏவிஆர் என்ற லீடு நிமிர்ந்து நிற்கும்; இது தெரிந்தால் அங்கேயே மறுபடி எடுத்துவிடலாம். தாள் வேகம் விநாடிக்கு 25 மில்லிமீட்டர், உயரம் ஒரு மில்லிவோல்ட்டுக்கு 10 மில்லிமீட்டர் என்று இருக்கிறதா என்பதையும் தாளிலேயே பார்க்கலாம்.

மாணவிகளுக்கு எடுக்கப் பெண் டெக்னீஷியன், மறைப்புத் திரை, உள்ளிருந்து தாழிடும் அறை, துணைக்கு ஓர் ஆசிரியை. இவை இல்லாவிட்டால் சட்டைக்கு மேலேயே தடவி எங்கோ ஓரிடத்தில் ஒட்டி முடிக்கிறார்கள். அப்படி எடுத்த இசிஜியைக் கிழித்துப் போடலாம். மார்பகம் இருக்கும் இடத்தில் வி4 முதல் வி6 வரை அதன் அடியில் வைக்க வேண்டும், மேலே வைத்தால் அலையின் உயரம் குறையும்.

படிப்பது யார்? இயந்திரமே மேலே ‘நார்மல்’, ‘அப்நார்மல்’ என்று அச்சடித்துத் தரும். அதை நம்பிச் சான்று தரக் கூடாது, அதைப் பார்த்துப் பயப்படவும் கூடாது. இளம் வீரரின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 45 இருக்கலாம், அலைகள் உயரமாக இருக்கலாம், பி.ஆர். இடைவெளி நீண்டிருக்கலாம், எஸ்.டி. பகுதி சற்று உயர்ந்திருக்கலாம். பயிற்சியால் வந்த மாற்றங்கள் இவை. (பி.ஆர்., க்யூ, எஸ்.டி., டி என்பவை இசிஜி கோட்டின் பகுதிகளுக்கு இட்ட பெயர்கள்.) 16 வயதுக்குள் வி1 முதல் வி3 வரை டி அலை தலைகீழாக இருப்பதும் இயல்பே. 2017-இல் வெளிவந்த சர்வதேச அளவுகோல் இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு எதைப் பார்த்தால் மேலே சோதிக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. பக்கவாட்டு, கீழ்ப்புற லீடுகளில் தலைகீழ் டி அலை, எஸ்.டி. இறக்கம், ஆழமான க்யூ அலை, இடப்பக்கக் கடத்தல் தடை, டபிள்யூ.பி.டபிள்யூ.வைக் காட்டும் டெல்டா அலை, திருத்திய க்யூடி பையன்களுக்கு 470, பெண்களுக்கு 480 மில்லிவிநாடி அல்லது அதற்கு மேல், பத்து விநாடித் தாளில் இரண்டோ அதற்கு மேலோ கீழறைத் தனித்துடிப்புகள். இதயப் பிரிவு மருத்துவர் ஒருவர் அரை நாள் பயிற்சி தந்தால் எந்த எம்.பி.பி.எஸ். மருத்துவரும் முதல் வடிகட்டலைச் செய்யலாம். தாளை ஸ்கேன் செய்து மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புங்கள். போனில் சாய்வாகப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டங்கள் கோணி, அளவெடுக்க முடியாமல் போகும்.

இப்போது கணக்கு. திடீர் மரணம் தரக்கூடிய இதயக் கோளாறு இளம் வீரர்களில் ஏறத்தாழ முந்நூறு பேரில் ஒருவருக்கு இருக்கும் என்று கொள்வோம். பத்தாயிரம் பேருக்கு இசிஜி எடுத்தால் நோயுள்ளவர் 33 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கை, அதாவது 22 பேரை, இசிஜி காட்டிக்கொடுக்கும் என்று வையுங்கள். புதிய அளவுகோலைச் சரியாகப் பயன்படுத்தினாலும் நூற்றுக்கு மூன்று பேர் நோயின்றியே சந்தேகப் பட்டியலில் விழுவார்கள்: 300 பேர். ஆக ஏறத்தாழ 320 பேருக்கு எக்கோ, சிலருக்கு டிரெட்மில், சிலருக்கு நாள் முழுதும் துடிப்பைப் பதியும் ஹோல்டர், எம்.ஆர்.ஐ. இந்த 320 இடங்களை முன்கூட்டியே பதிவு செய்யாமல் முகாமுக்குத் தேதி குறித்தால் அந்தப் பிள்ளைகள் மாதக்கணக்கில் விளையாடவும் முடியாமல், நோய் உண்டா இல்லையா என்றும் தெரியாமல் தொங்குவார்கள். பழைய அளவுகோலோ இயந்திரத்தின் அச்சோ என்றால் 300 என்பது ஆயிரத்தையும் தாண்டலாம்.

முகாம் நடத்துவோர் அடிக்கடி இத்தாலியை மேற்கோள் காட்டுவார்கள். 1982 முதல் அங்கே போட்டியிடும் ஒவ்வொருவருக்கும் இசிஜி கட்டாயம். வெனெட்டோ பகுதியில் 1979 முதல் 2004 வரை பார்த்ததில் வீரர்களின் திடீர் இதய மரணம் லட்சத்துக்கு ஆண்டுக்கு 3.6-லிருந்து 0.4 ஆகக் குறைந்தது. உண்மைதான். ஆனால் இஸ்ரேல் 1997-இல் அதே போன்ற சட்டம் கொண்டுவந்தது. அங்கே முன்னும் பின்னும் ஒப்பிட்டதில் வேறுபாடு ஏதும் தெரியவில்லை, 2.54 என்பது 2.66 ஆனது. இங்கிலாந்துக் கால்பந்து அகாடமிகளில் 1996 முதல் 2016 வரை 11,168 இளைஞர்களுக்குக் கேள்வித் தாள், இசிஜி, எக்கோ மூன்றும் செய்தார்கள். 42 பேரிடம் ஆபத்தான கோளாறு பிடிபட்டது. பின்னர் இதயத்தால் திடீரென இறந்தவர்கள் எட்டுப் பேர். அதில் ஆறு பேருக்குப் பரிசோதனையில் எல்லாம் சரி என்றுதான் வந்திருந்தது, பரிசோதனைக்கும் மரணத்துக்கும் இடையே சராசரியாக ஏழு ஆண்டு இடைவெளி. எனவே எடுப்பதும் வேண்டும், திரும்ப எடுப்பதும் வேண்டும், தவறிப்போகும் என்று தெரிந்து மைதானத்தைத் தயார் செய்வதும் வேண்டும். எங்களைக் கேட்டால் ஜப்பான் இதில் நல்ல வழிகாட்டி. 1995 முதல் தொடக்கப் பள்ளி, நடுநிலை, மேல்நிலை மூன்றிலும் முதலாம் ஆண்டு மாணவர் எல்லோருக்கும் பள்ளியிலேயே இசிஜி எடுக்கிறார்கள். பள்ளிகளில் நின்ற இதயத்துக்கு மின்அதிர்வு தரும் ஏஇடி கருவியும் வைத்திருக்கிறார்கள்.

சந்தேகம் வந்த பிள்ளையை நடத்தும் விதத்தில் பள்ளிகள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். பெயரைக் கூட்டத்தில் வாசிக்கக் கூடாது, பலகையில் ஒட்டக் கூடாது. ‘இதயத்தில் ஓட்டை’ என்று ஒரு பெண்பிள்ளையைப் பற்றி ஊரில் பரவிய பேச்சு, எக்கோ சரியாக வந்த பிறகும் அவள் கல்யாணப் பேச்சுவரை தொடரும். பெற்றோரைத் தனியாக அழைத்து, இது முடிவு இல்லை, சந்தேகம் மட்டுமே, இத்தனை நாளில் இன்ன இடத்தில் எக்கோ என்று எழுதிக் கொடுங்கள். நோய் உறுதியானாலும் விளையாட்டு முடிந்துவிட்டது என்று பொருளில்லை. டபிள்யூ.பி.டபிள்யூ. என்றால் அப்லேஷன் என்ற சிகிச்சையில் கூடுதல் மின்பாதையைச் சுட்டு அழித்தபின் பெரும்பாலோர் மைதானத்துக்குத் திரும்பலாம். லாங் க்யூடிக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை. அதோடு, சாதாரண உபாதைகளுக்குத் தரும் சில ஆன்டிபயாட்டிக், வாந்தி மாத்திரைகள் க்யூடியை நீட்டும் என்பதால் தவிர்க்க வேண்டிய மருந்துப் பட்டியல் ஒன்று பையிலேயே இருக்க வேண்டும். இந்தச் சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வழி உண்டா என்று அதே நாளில் மருத்துவமனைக் காப்பீட்டு அலுவலரிடம் கேட்டு அனுப்புங்கள்.

காய்ச்சலைப் பற்றி ஒரு வார்த்தை. வைரஸ் காய்ச்சல் இதயத் தசையைத் தாக்கினால் அது சில வாரங்கள் நீடிக்கும். அந்த நேரத்தில் கடும் ஓட்டம் ஆபத்து. ஐப்பசி, கார்த்திகையில் காய்ச்சலும் போட்டிகளும் ஒன்றாகவே வருகின்றன. காய்ச்சல் விட்ட மறுநாளே 1500 மீட்டருக்கு இறக்கும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். காய்ச்சலோடு நெஞ்சு வலி, படபடப்பு, மாடிப்படி ஏறவே மூச்சிரைப்பு என்று எது இருந்தாலும் இசிஜியும், இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தச் சோதனையும் பார்க்காமல் விளையாட விடக் கூடாது. தசை அழற்சி உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதம் ஓய்வு.

மைதானத்துக்கு வருவோம். 2021 ஜூனில் கோபன்ஹேகனில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் விழுந்தபோது, அவர் பல ஆண்டுகளாகப் பெரிய கிளப்களின் பரிசோதனைகளைக் கடந்து வந்தவர். அவரைக் காப்பாற்றியது உடனே தொடங்கிய நெஞ்சழுத்தமும் மைதானத்திலேயே இருந்த அதிர்வுக் கருவியும். நம் மைதானங்களில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். விழுந்தவனின் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள், முகத்தில் தண்ணீர் அடிப்பார்கள், வாயில் சோடா ஊற்றுவார்கள், பிறகு நான்கு பேர் தூக்கி ஆட்டோவில் போடுவார்கள். யார் மேலும் மோதாமல் விழுந்து, தட்டி அழைத்தும் அசையாத வீரருக்கு இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கை கால் வெட்டினாலும் அப்படித்தான். வாயைத் திறந்து மீனைப் போல எப்போதாவது ஒரு முறை இழுத்தால் அது மூச்சு இல்லை. ‘மூச்சு இருக்கிறது’ என்று காத்திருந்து இழந்த உயிர்கள் உலகம் முழுதும் ஏராளம்.

ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். ஒருவர் ஏஇடி எடுக்க ஓடட்டும். ஒருவர் நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கை அடியை வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழம் அமுக்கட்டும். ஒவ்வொரு அமுக்கலுக்குப் பின்னும் நெஞ்சு முழுதும் மேலெழ விட வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், களைத்தவர் அமுக்குவது ஆழம் போகாது. நெஞ்சழுத்தமே இல்லாமல் ஒவ்வொரு நிமிடம் கடக்கும்போதும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்து வீதம் குறைகிறது. எனவே கருவி மூன்று நிமிடத்துக்குள் வந்து சேரும் இடத்தில் இருக்க வேண்டும். தலைமையாசிரியர் அறை பீரோவில் பூட்டி வைத்த ஏஇடியால் பயனில்லை. வெயில் அடிக்கும் காருக்குள்ளும் வைக்கக் கூடாது, 50 டிகிரிக்கு மேல் பேட்டரியும் பசையும் கெடும். ஒட்டும் பேட்களுக்குக் காலாவதித் தேதி உண்டு, பொதுவாக இரண்டு ஆண்டு. கருவி வாங்கும்போதே மாற்றுப் பேடுக்கும் நிதி ஒதுக்குங்கள். தமிழில் பேசும் குரல் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். பெட்டிக்குள் ஒரு துண்டும் கத்தரிக்கோலும் வையுங்கள்: வியர்வை ஈரத்தில் பேட் ஒட்டாது, பனியனைக் கிழிக்க நேரம் போகும். போட்டி நாளில் மைதானத்தின் பெரிய கேட் சாவி யாரிடம் என்பதையும் எழுதி ஒட்டுங்கள். ஆம்புலன்ஸ் வெளியே நிற்க, வாட்ச்மேனைத் தேடி ஓடுவது வழக்கமாகிவிட்டது.

இவ்வளவுக்கும் நிதியும் ஆளும் சேர நாளாகும் என்றால், இந்த மாதமே தொடங்கக்கூடிய ஓரிடத்தைச் சொல்கிறோம். பிறவியிலேயே காது கேளாத பிள்ளைகளில் சிலருக்கு, அந்தக் குறையோடு சேர்ந்தே கடுமையான லாங் க்யூடி இருக்கும். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இது வரும் என்பதால், மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்தில் கட்டும் நம் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு கூடுதல். அந்தப் பிள்ளைகள் ஓடும்போதோ பயப்படும்போதோ விழுவார்கள். பேசிச் சொல்ல முடியாததால் பலருக்கு அது வலிப்பாகவே எழுதப்பட்டிருக்கும். செவித்திறன் குறையுடையோர் பள்ளிகள் மாவட்டத்துக்கு ஒன்றிரண்டுதான். ஓர் இசிஜி இயந்திரம், ஒரு டெக்னீஷியன், சைகை மொழி தெரிந்த ஓர் ஆசிரியர் இருந்தால் ஒரு பள்ளிக்கு ஒரு நாள் வேலை. திருத்திய க்யூடியை மருத்துவர் கையால் அளந்து, இங்கே எல்லையைச் சற்றுக் குறைத்து 460-க்கு மேல் வருபவர்களை இதயப் பிரிவுக்கு அனுப்பினால் போதும். உள்காதில் கேட்கும் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவைக்குக் காத்திருக்கும் குழந்தைகளுக்கு மயக்க மருந்து தரும் முன் எடுக்கும் இசிஜியிலும் இதே அளவைப் பார்த்துக் கோப்பில் எழுதச் சொல்லி, மாவட்ட நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம்.

இப்படிக்கு,
இதய மருத்துவர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும்,
மதுரை.